தும்பிக்கை வைச்ச வண்டி

இருங்கோ தம்பி. எழும்பிப் போய் பஸ் றைவரைக் கேட்டுப் பிரயோசனமில்லை, அந்தாளுக்கும் தெரியாது. முன்னால சிவப்பு லைற் எரியுது, றோட்டைப் பூட்டுற தடி குறுக்க விழுந்து கிடக்கு, தெரியுதோ? மேல மலையில காத்து. பனி தள்ளுற லொறி வந்து, என்ர பின்னால வாங்கோ எண்டு கூட்டிக்கொண்டு போகுமட்டும் ஒருத்தரும் அசையேலாது. இஞ்ச வடக்கு நோர்வேயில இது வழமை. கொஞ்ச நேரமும் நிக்கலாம், பின்னேரம் வரைக்கும் நிக்கலாம். பிளாஸ்கில தேத்தண்ணி இருக்கு, குடிக்கிறியளோ?

தமிழ்நாடோ? முகத்தைப் பாத்தே நினைச்சனான். வானத்தில பச்சை வெளிச்சம் பாக்க வந்திருப்பியள். எல்லாரும் அதுக்குத்தான் வருகினம். நான் இஞ்ச வந்து தலை நரைச்சுப் போச்சு, அதை வடிவா நிமிந்து பாத்தது குறைவு. எனக்கு எப்பவும் குனிஞ்சு பாக்கிற வேலை. வண்டியின்ர அடிவயித்தை.

அந்தா, அந்தக் கொட்டிலுக்குப் பக்கத்தில செம்மஞ்சளா ஒண்டு நிக்குது, பாத்தியளோ? சில்லு இல்லை, ரெண்டு பக்கமும் அகலமான பட்டி. பனிவண்டி. எவ்வளவு ஆழமான பனியிலயும் தாழாமல் போகும். பட்டியைக் கண்டவுடன எங்கட ஆக்கள் ராங்கி எண்டுவினம், ஆமிக்காரன்ர பீரங்கி வண்டி. என்ர மனிசி மலர் அந்தச் சொல்லை வீட்டில சொல்ல விடமாட்டா. ராங்கியை நாங்கள் பாத்த விதம் வேற தானே. அதால வண்டி எண்டுதான் சொல்லுறது.

இது புதுசு. எங்கட ஊரில இருக்கிறது பழசு. ஆனா இந்தப் புதுசில இல்லாத ஒண்டு எங்கடதில இருந்தது. தும்பிக்கை. நான் வைச்சது. அதாலதான் ஒரு மனிசன் இண்டைக்கும் உயிரோட திரியிறார். ஊரில போய் அந்தக் கதையைக் கேட்டுப் பாருங்கோ, தும்பிக்கையை விட்டுப்போட்டு மிச்சம் எல்லாம் சொல்லுவினம். அதுதான் என்ர மனவருத்தம். நீங்கள் வெளியாள், உங்களுக்குச் சொன்னா விளங்கும்.

என்ர பேர் தர்மகுலசிங்கம். இஞ்ச ஒருத்தருக்கும் அது வாயில வராது, அதால சிங்கம் எண்டு சுருக்கிக் குடுத்தன். அர்த்தமும் சொல்லிக் குடுத்தனான். ஊரில நான் மினிபஸ் றைவர். யாழ்ப்பாணம், பருத்தித்துறை. அந்த றோட்டில கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓடுவன். இஞ்ச வந்து முதல் மீன் பக்ரறி, பிறகு கொம்யூனில வேலை. கொம்யூன் எண்டால் உங்கட ஊராட்சி மாதிரி. அவையின்ர கராஜைப் பாக்கிறது, லொறி கழுவுறது, பனி அள்ளுறது. கராஜுக்குப் பொறுப்பு ஒட்வார் எண்டு ஒரு மனிசன். உயரம், தாடி, ஒரு நாளைக்கு நாலு வசனத்துக்கு மேல கதைக்கமாட்டார்.

எங்கட ஊருக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை. மலை றோட்டைப் பூட்டினா ஊர் தனிச்சுப் போகும். அப்ப இந்த வண்டிதான் மருந்து கொண்டு போறது, தனி வீடுகளில இருக்கிற வயசு போன ஆக்களிட்ட நேர்சைக் கொண்டு போறது. அதுக்கு ரெண்டு றைவர் வேணும் எண்டு கொம்யூன் சொல்லிச்சுது. ஒண்டு நான் எண்டதில ஒருத்தருக்கும் சந்தேகம் இருக்கேல்லை, எனக்கெண்டால் இருக்கேல்லை. ரெண்டாவது ஆளாக் கையை உயத்தினது ஆர் எண்டு நினைக்கிறியள்? மலர்.

அவ வயோதிபர் இல்லத்துக் குசினியில வேலை. நல்லாச் சமைப்பா, அதில ஒரு குறையும் சொல்லேலாது. ஆனா வண்டி? கேட்டா, தான் வன்னியில தகப்பன்ர வயலில ரெண்டு சில்லு ரக்ரர் பிடிச்சு உழுதவவாம். பின்னால நடந்து நடந்து, இடது கைப்பிடியை அமத்தினா இடப்பக்கம் திரும்பும், வலதை அமத்தினா வலப்பக்கம். அதையும் றைவர் வேலை எண்டு சொல்லலாமோ? ஒட்வார் மட்டும் அதை மெத்தக் கவனமாக் கேட்டார். கேட்டுப்போட்டு, "சரி" எண்டார்.

இப்ப டிபரன்சலுக்கு வாறன். இதை விளங்கினாத்தான் மிச்சம் விளங்கும். லொறிக்கு அடியில, பின்சில்லு ரெண்டுக்கும் நடுவில, இரும்புக் குடம் மாதிரி ஒண்டு தொங்கும், கண்டிருப்பியள். அதுதான். வளைவில திரும்பேக்க வெளிப்பக்கச் சில்லு கூட ஓடவேணும், உள்பக்கச் சில்லு குறைய ஓடவேணும். அந்தப் பங்கீட்டைச் செய்யிறது அது. எங்கட வண்டியில அதுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. வண்டிக்கு ஸ்ரியறிங் இல்லை, ரெண்டு லீவர்தான். இடது லீவரை இழுத்தா, குடத்துக்குள்ள ஒரு இரும்பு வார் இடப்பக்கத்தை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பக்கப் பட்டி மெதுவாகும், வண்டி இடப்பக்கம் திரும்பும். பிறேக்கும் அந்த வார்தான்.

முதல் நாள் எங்கள் ரெண்டு பேரையும் வைச்சு ஒட்வார் சொல்லித் தந்தவர். அந்த மாசத்துக் கதை முழுக்க அண்டைக்கே கதைச்சு முடிச்சிட்டார் எண்டு நினைக்கிறன்.

"வார் பிடிக்கிற ஒவ்வொரு தரமும் சூடு. சூடு ஒயிலுக்குள்ள போகும். ஒயில் கொதிச்சா வார் வழுக்கும். வழுக்கினா திருப்பவும் ஏலாது, நிப்பாட்டவும் ஏலாது. அதால, இழும். விடும். லீவரில கையைப் போட்டுக்கொண்டு இராதையும். நீர் சும்மா தொட்டாலும் அது இழுக்கிறீர் எண்டுதான் நினைக்கும்."

நல்ல மனிசன். ஆனா பஸ் ஓடினவர் இல்லை. ஒரு பஸ் சனத்தை ஏத்திக்கொண்டு போறவன் கையை எடுக்கலாமோ தம்பி? றைவர் எண்டால் கை வண்டியில இருக்கோணும். நான் ஒரு நாளும் லீவரை விட்டது கிடையாது. ரெண்டு கையும் ரெண்டு லீவரில, கொஞ்சம் இறுக்கி, ஒரு அளவான பிடியில வைச்சிருப்பன். வண்டி என்ர கைக்குள்ள நிக்கும்.

மலர் ஓடுறதைப் பாத்தா உங்களுக்குப் பயம் வரும். ஒரு இழுவை, விட்டிடுவா. பிறகு ரெண்டு கையும் மடியில. கோயிலில பிரசங்கம் கேக்கிற மாதிரி இருப்பா. வண்டி தன்ர பாட்டில போகும். கொஞ்சம் விலத்தினா இன்னொரு சின்ன இழுவை, திரும்பவும் மடியில. ஒருநாள் கோப்பி குடிச்சுக்கொண்டு ஓடினா. நான் பக்கத்தில இருந்து கண்ணை மூடிக்கொண்டன்.

இப்பிடி ஓடினா வண்டிக்கு என்ன நடக்கவேணும்? ஆனா பாருங்கோ, சூடாகிறது முழுக்க எனக்குத்தான். நான் ஓடினா, ஊரைத் தாண்டி முதல் ஏத்தம் வாறதுக்குள்ள சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குக் கிட்ட வந்திடும். ஒயில் கருகின மணம் மூக்குக்கு வரும். நிப்பாட்டிப்போட்டு ஆறுமட்டும் காத்துக்கொண்டிருக்கவேணும். அவ ஓடினா முள்ளு படுத்த படுக்கையில கிடக்கும். நான் எவ்வளவோ யோசிச்சன். அவ பாரம் குறைவு. நான் போற நாளில வெயில். அவ போற நாளில முகில். சில வண்டியளுக்கு ஒரு ராசி இருக்கு, உங்கட ஊரிலயும் சொல்லுவினம் தானே.

ஒட்வாரும் அதைக் கவனிச்சிருப்பார். ஏத்தம் கூடின இடத்துக்குப் போற முறை வந்தா மலரைப் போட்டார், சமதரையா இருந்தா என்னைப் போட்டார். கஸ்டமான நாளுக்கு என்னைப் பத்திரமா எடுத்து வைக்கிறார் எண்டு நான் விளங்கிக்கொண்டன்.

எண்டாலும் சூட்டைச் சும்மா விடேலாது. ஒருநாள் வழியில நிப்பாட்டி, மண்வெட்டியால பனியை அள்ளி அந்த இரும்புக் குடத்துக்கு மேல போட்டன். உஸ் எண்டு ஆவி வந்திச்சுது, பாக்க வடிவா இருந்தது. ஒட்வார் கேள்விப்பட்டு வந்து, குடத்தைச் சுத்தித் தடவிப் பாத்தார். வெடிச்சிருக்கோ எண்டு தேடினவர். "சுடச்சுட இருக்கிற இரும்புக்குப் பனி போடாதையும்" எண்டார். அவ்வளவுதான். அண்டைக்கு அந்த ஒரு வசனம்தான்.

பேந்துதான் தும்பிக்கை. விசயம் என்னெண்டால், பனி ஏறக்கூடாது எண்டு வண்டியின்ர அடிவயித்தைத் தகரத்தால மூடியிருப்பினம். வெளியில ரத்தம் உறையிற குளிர், உள்ளுக்க அடுப்பு. அந்தக் குளிரை உள்ளுக்குக் கொண்டு போனாப் போதும் தானே? எங்கட வீட்டில உடுப்புக் காயவைக்கிற மெசின் இருக்கு. அதுக்குப் பின்னால மடிப்பு மடிப்பா, வெள்ளியா ஒரு நீளக் குழாய். அதைக் கழட்டினன். கழிச்சு விட்ட ஒரு காரில இருந்து காத்தாடி ஒண்டு எடுத்தன். குழாயின்ர ஒரு நுனியை வண்டிக்கு வெளியில நீட்டி, மற்ற நுனியைத் தகரத்தில ஓட்டை போட்டு டிபரன்சலுக்கு மேல விட்டன். நடுவில காத்தாடி. அதுக்குச் சுவிச் பின் இருக்கையில. கராஜில பாத்த சனம் யானை எண்டு சிரிச்சுதுகள். சிரிக்கட்டும். தும்பிக்கை இல்லாத யானை குளிக்கிறதெப்பிடி?

வீட்டில கொஞ்ச நாள் ஈர உடுப்புத்தான். மலர் மெசினுக்குப் பின்னால எட்டிப் பாத்தா, என்னைப் பாத்தா, குசினியில கயிறு கட்டினா.

தும்பிக்கை வைச்சுப் பரிசோதிச்ச முதல் நாளே முள்ளு அசையேல்லை. அண்டைக்கு ஓடினது மலர், அது தற்செயல். அடுத்த நாள் நான் ஓடினன், கொஞ்சம் ஏறிச்சுதுதான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா தும்பிக்கை இல்லாட்டில் இன்னும் எவ்வளவு ஏறியிருக்கும், அதை யோசிக்கவேணும்.

இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ? குடியுங்கோ, இஞ்சி போட்டது.

மார்ச் மாசம். மாரியில எழும்பாத சூரியன் எங்களுக்குத் திரும்பி வந்திட்டுது, பகல் எண்டால் பகல் மாதிரி இருக்கும். ஆனா அண்டைக்கு விடிஞ்சதில இருந்து புயல். மலை றோட்டைப் பூட்டீட்டினம். நான் கராஜில நிக்கிறன். ஒட்வார் ரயர் அடுக்கி வைச்ச இடத்தில போய்க் குந்தினார். அந்தாள் வேலை நேரத்தில குந்தி நான் கண்டதில்லை. முகம் சாம்பல். நெஞ்சில கையை வைச்சுக்கொண்டு, கதவைப் பூட்டச் சொல்லுறார். "என்ன செய்யுது?" எண்டன். "குளிருது" எண்டார். வேர்த்துக் கொட்டுது தம்பி, குளிருதாம்.

நேர்ஸ் குன்வோர் ஓடி வந்தா. வயர் எல்லாம் ஒட்டிப் பாத்தா, நாக்குக்குக் கீழ குளிசை வைச்சா, ரெலிபோனில டொக்ரரோட கதைச்சா. இருதயம்தான். கெதியா ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். ஹெலிகொப்ரர் பறக்கேலாது. அம்புலன்ஸ் மலைக்கு அங்கால இருக்கிற பூட்டுத் தடி வரைக்கும் வரும், இங்கால ஏறேலாது. மலையைத் தாண்டிக் கொண்டு போய் விடுறது எங்கட பொறுப்பு.

அண்டைக்கு முறை மலரின்ர. குசினி ஏப்ரனைக் கழட்டாமலே வந்து நிக்கிறா. நான் சொன்னன், "மலர், இது விளையாட்டில்லை, ஒரு மனிசன்ர உயிர். நீர் பக்கத்தில இரும். நான் ஓடுறன்." அவ ஒட்வாரைப் பாத்தா. ஒட்வார் ஸ்ரெச்சரில கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார். அவ பக்கத்தில ஏறினா. பின்னால குன்வோரும் ஒட்வாரும். தும்பிக்கையின்ர சுவிச்சைப் போட்டிட்டு வெளிக்கிட்டம்.

வெளியில ஒண்டும் தெரியாது. வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை, நடுவில நாங்கள். றோட்டோரத்துக் கம்புகள் மட்டும் ஒண்டு ஒண்டாத் தெரியுது. முதல் ஏத்தம் மலையின்ர சரிவில பக்கவாட்டாப் போகும். அந்த இடத்தில வண்டி பள்ளப்பக்கம் இழுக்கும். காத்தும் அந்தப் பக்கம்தான் தள்ளுது. நான் விடுவனோ? மேட்டுப்பக்க லீவரை முழங்கை நோக நோக இழுத்துப் பிடிச்சுக்கொண்டே போறன். ஒரு கணம் விடேல்லை. அண்டைக்கு ஓடின மாதிரி நான் வாழ்க்கையில ஓடினதில்லை.

முள்ளு ஏறுது. நான் முள்ளைப் பாக்கேல்லை, றோட்டைப் பாக்கிறன். மலர் முள்ளைப் பாக்கிறா. "இஞ்சருங்கோ, கொஞ்சம் விட்டுப் பிடியுங்கோ" எண்டா. "விட்டாப் பள்ளம்" எண்டன். பிறகு சிவப்பு லைற் பத்திச்சுது. மணமும் வந்திட்டுது. பின்னால ஒட்வார், சாகக் கிடக்கிற மனிசன், தலையைத் தூக்கினார். "மணக்குது. நிப்பாட்டும்" எண்டார்.

நிப்பாட்டினன். காத்து வண்டியை ஆட்டுது. ஒயில் ஆற நேரம் வேணும். குன்வோர் சொல்லுறா, இவருக்கு அவ்வளவு நேரம் இல்லையெண்டு. என்ர கை ரெண்டும் விறைச்சுப் போச்சு தம்பி, விரலை மடக்கேலாமல் கிடக்கு. அவ்வளவு பிடி.

அப்ப மலர் என்ர தோளைத் தொட்டா. "நீங்கள் பின்னால போங்கோ. தும்பிக்கையின்ர சுவிச் அங்க தானே இருக்கு, உங்களை விட்டா ஆருக்கு அது தெரியும்? ஓடிக்கொண்டு அதையும் பாக்கேலாது. நான் சும்மா வண்டியைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறன்."

அதில நியாயம் இருந்தது. அந்த நேரத்தில முக்கியமான வேலை டிபரன்சலை ஆத்துறது. அதைத் தெரிஞ்சவன் நான். நான் பின்னால போனன்.

கொஞ்சம் ஆறினவுடன அவ வெளிக்கிட்டா. வெளிக்கிட்டு என்ன செய்தா தெரியுமோ? சரிவில போற பாதையை விட்டுப்போட்டு, மூக்கை மேல திருப்பி, ஆடு ஏறுற மாதிரி நேர உச்சிக்கு ஏத்தினா. நேர ஏறினா பக்கவாட்டில இழுவை இல்லை எண்டு பிறகு சொன்னா. எனக்கு அப்ப நெஞ்சு அடைச்சுப் போச்சு, ஒட்வாரோட சேத்து என்னையும் படுக்க வைக்கவேண்டி வந்திருக்கும். எட்டிப் பாக்கிறன், ரெண்டு கையும் மடியில.

குன்வோர் ஒரு கையில ஊசி, ஒரு கையில ரெலிபோன். எனக்குச் சொன்னா, "சிங்கம், அவரோட கதையும். அவர் பயந்து போனார். பயப்பிடாமல் பாத்துக்கொள்ளும்." எனக்குச் சுவிச்சைப் பாக்கிற வேலை, இதையும் தந்திட்டா. சரி எண்டு கதைச்சன். காலநிலையைப் பற்றிக் கதைச்சன், மீனைப் பற்றிக் கதைச்சன், என்ர நோர்வேஜிய மொழி அதோட முடிஞ்சுது. அந்தாள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கூரையைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். என்னத்தைக் கதைக்கிறது? வாயில வந்தது எங்கட பஸ் றோட்டுத்தான்.

"ஒட்வார், இப்ப நாங்கள் யாழ்ப்பாணத்தில ஏறியிருக்கிறம்" எண்டன். "கல்வியங்காடு. இஞ்ச ரெண்டு ரீச்சர்மார் ஏறுவினம், குடையோட." அந்தாள் கண்ணைத் திருப்பி என்னைப் பாத்தார். "இருபாலை. கோப்பாய். இஞ்ச ஒரு மனிசன் வாழைக்குலையோட ஏறுவார், குலைக்கும் சீற் கேப்பார்." குன்வோர் சிரிச்சா. அவர் சிரிக்கேல்லை, ஆனா கேட்டுக்கொண்டு கிடந்தார். நான் றைவர் தம்பி, என்ர வாழ்க்கையில ஒரு நாளும் பஸ் தரிப்பின்ர பேரைக் கூப்பிட்டதில்லை. அது கொண்டக்ரற்ற வேலை. அண்டைக்கு அந்தக் கொண்டக்ரர் வேலையும் செய்தன்.

நீர்வேலி. சிறுப்பிட்டி. புத்தூர். ஒவ்வொரு தரிப்பிலயும் ஆர் ஏறுறது, ஆர் இறங்கிறது, ஆர் மிச்சக் காசுக்குச் சண்டை பிடிக்கிறது எண்டு சொல்லிக்கொண்டு போறன். இடைக்கிடை முள்ளையும் பாக்கிறன். இறங்கிக்கொண்டு வருது. நான் மலருக்குச் சொன்னன், "பாத்தீரோ, தும்பிக்கை வேலை செய்யுது." அவ "ஓம் ஓம்" எண்டா.

ஆவரங்கால் சொல்லேக்க அந்தாளுக்குத் திரும்பவும் நெஞ்சு நோ வந்திட்டுது. கையை இறுக்கினார், பிறகு கை தளந்து போச்சு. குன்வோர் அவசரமா எதையோ தேடுறா. ஒட்வார் மெல்லமா, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொன்னார், "சிங்கம், நான் இதில இறங்கிறன்."

எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னன்.

"இதில இறங்கேலாது. இஞ்ச பஸ் நிக்காது" எண்டன். "இருங்கோ."

கண்ணைத் திறந்தார். "எங்க நிக்கும்?" எண்டு கேட்டார்.

"அச்சுவேலிக்கு அங்கால வல்லை. அது பெரிய வெளி. வீடு வாசல் ஒண்டும் இல்லை, காத்து மட்டும்தான். பஸ்ஸையே தள்ளும். ஆனா அதைத் தாண்டினா ஊர்."

"இப்பிடிக் காத்தோ?"

"இதைவிடக் கூட" எண்டன். பொய்தான். அந்தாளுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும் எண்டு.

குன்வோர் ஊசியைப் போட்டா. கொஞ்ச நேரத்தில அவற்ற மூச்சு ஒழுங்கா வந்திச்சுது. நான் அச்சுவேலிச் சந்தையில நிப்பாட்டி, ஆக்களை ஏத்தி, வல்லைவெளிக்குள்ள விட்டன். அவர் கையை விடேல்லை. அப்ப வண்டி மூக்கைக் கீழ போட்டுது. உச்சியைத் தாண்டி இறங்கிறம். மலர் முன்னால இருந்து, "லைற் தெரியுது" எண்டா. நீல லைற். அம்புலன்ஸ். நான் ஒட்வாரிட்டச் சொன்னன், "வல்லை. இதில இறங்கலாம்."

அம்புலன்ஸ்காரர் அவரை ஏத்திக்கொண்டு போயிட்டினம். கதவு பூட்டினவுடன மலர் லீவருக்கு மேல தலையை வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்தா. பயந்து போனா, பாவம். நான் முதுகைத் தடவிவிட்டன். பிறகு வெளியில இறங்கித் தும்பிக்கையைப் பாக்கப் போனன்.

தும்பிக்கை இல்லை.

வேரோட பிடுங்கின மாதிரிப் போட்டுது. அடுத்த நாள் பனி தள்ளுற பெடியன் கண்டெடுத்துக் கொண்டு வந்து தந்தான். எங்க கிடந்தது எண்டு கேட்டா, முதல் ஏத்தம் தொடங்கிற இடத்தில. அதாவது நாங்கள் நிண்டதுக்குக் கன தூரம் கீழ. அப்பதான் எனக்கு எல்லாம் விளங்கிச்சுது தம்பி. நான் ஓடேக்க ஏன் சூடானது? தும்பிக்கை விழுந்திட்டுது, அதால. பிறகு ஏன் ஆறினது? குழாய்தான் போனது, காத்தாடி உள்ளுக்க ஓடிக்கொண்டுதானே இருந்தது. சுவிச்சை நான் ஒரு கணமும் நிப்பாட்டேல்லை. மலருக்கும் இதை விளங்கப்படுத்தினன். அவ வடிவாக் கேட்டா. கேட்டுப்போட்டு, "அப்ப அந்தக் குழாயை மெசினில திரும்பப் பூட்டலாமோ?" எண்டா.

ஒட்வாருக்கு ஒப்பரேசன் நடந்து சுகமா வந்திட்டார். கொம்யூனில ஒரு கூட்டம் வைச்சுக் கேக் வெட்டினவை. இஞ்ச நல்லதுக்கும் கேக், கெட்டதுக்கும் கேக். கேக்குக்கு மேல வண்டியைக் கிறீமில வரைஞ்சிருந்தினம். தும்பிக்கை வரையேல்லை. மேயர் எழும்பி, இனிப் பனிக்காலத்துக்குத் தலைமை றைவர் மலர் எண்டா. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? சனம் கை தட்டுது, நானும் தட்டினன். தட்டாமல் இருக்கேலாது, பக்கத்தில நிக்கிறா.

மலர் எழும்பி ஒரு நிபந்தனை சொன்னா. சிங்கம் பின்னால இருந்தாத்தான் தான் ஓடுவனெண்டு. ஏனெண்டு மேயர் கேட்டா. "வண்டியில வாற நோயாளியளோட ஆராவது கதைக்கவேணும். அதை அவரைப்போல ஒருத்தராலும் செய்யேலாது" எண்டா. அவவுக்கு நான் இல்லாமல் ஓடப் பயம். அதைச் சபையில சொல்லேலாது தானே, அதால அப்பிடிச் சொன்னா. நானும் காட்டிக் குடுக்கேல்லை. இப்ப நான் துணையாள். கிழவிகள், பிள்ளைத்தாச்சியள், கால் முறிஞ்ச மீன்காரர், எல்லாரோடயும் கதைச்சுக்கொண்டு போறன். என்ன விசரோ, சிலதுகள் ஏறினவுடன கேக்குதுகள், இண்டைக்கு வாழைக்குலைக்காரன் வருவாரோ எண்டு.

இதையெல்லாம் விடுங்கோ. கோடையில ஒருநாள் ஒட்வார் எங்கட வீட்டுக்கு வந்தார். மெலிஞ்சு, தாடியை எடுத்துப்போட்டு, கையில பெரிய மீன் ஒண்டு. குசினியில குந்தினார். மலர் கோப்பி ஊத்தினா. நான் முன்னால இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன். இவ்வளவு தூரம் வந்த மனிசன், இயந்திரம் தெரிஞ்ச மனிசன், இப்பவெண்டாலும் கேப்பார். காத்தாடி என்ன பலம், குழாய் என்ன அகலம், எங்க ஓட்டை போட்டனீர் எண்டு. நான் பதில் எல்லாம் ஆயத்தமா வைச்சிருந்தனான்.

கோப்பியைக் குடிச்சார். யன்னலால கடலைப் பாத்தார். கோப்பையை வைச்சிட்டு வாயைத் திறந்தார்.

"சிங்கம், வல்லைக்கு அங்கால என்ன தரிப்பு?"

"குஞ்சர்கடை" எண்டன்.

"பிறகு?"

"நெல்லியடி. மாலுசந்தி. மந்திகை. பிறகு பருத்தித்துறை. அதோட கடல், பஸ் திரும்பீடும்."

அவர் தனக்குள்ள ஒருக்காச் சொல்லிப் பாத்தார். நெல்லியடி அவற்ற வாயில நுழையேல்லை, ரெண்டு மூண்டு தரம் பாத்தார். மலர் திருத்திக் குடுத்தா. பேந்து தலையை ஆட்டினார்.

"அப்ப இன்னும் கன தூரம் கிடக்கு" எண்டார்.

சொல்லிப்போட்டு எழும்பிப் போட்டார் தம்பி. தும்பிக்கையைப் பற்றி ஒரு சொல்லுக் கேக்கேல்லை.